அக்காவின் சீர்த்தட்டில் என் கிம்ச்சி

அன்புள்ள மகனுக்கு,

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூடச் சேர்க்க மாட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்காக ஒரு வரியை விடவும் மாட்டேன். நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயது. அடுத்த வாரம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குகிறது. நீ பிறந்து, வளர்ந்து, மீசை வைத்து, உனக்கென்று ஒரு வேலையும் வீடும் அமைந்த பிறகு இதைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் பள்ளி நூலகத்தில் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும், பிள்ளை வெளிநாடு போகும்போதும், தங்களுக்கு வயதாகிவிட்டது என்று தெரியும்போதும் எழுதியவை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அவற்றில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ரொம்ப நாள் கழித்து எழுதுவதால், பட்ட அடி அவர்களுக்கு மறந்துபோய், அடித்தவர்கள் மேல் இரக்கம் வந்துவிடுகிறது. எனக்கும் அப்படி வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உனக்கு முன்னாலேயே உனக்கான கடிதம் வருகிறது. இன்று காலை உன் பெரியம்மாவுக்கு, அதாவது என் அக்கா சுகன்யாவுக்கு, கல்யாணம் ஆயிற்று. இப்போது மதியம் இரண்டரை மணி. அக்கா புகுந்த வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மண்டபத்து மாடியில் மணமகள் அறையில், உதிர்ந்த மல்லிகைக்கும் கொண்டை ஊசிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் எருமப்பட்டி. அப்பா ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் எடை போடுகிறார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிய வண்டி வந்தால் அப்பா கண்ணுக்குத் தப்பாமல் உள்ளே போக முடியாது. இந்த ஊரில் கொரியச் சமையல் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். மாரியம்மன் சாட்டினால் வந்தது. போன வருடம் பங்குனியில் திருவிழாவுக்குச் சாட்டி, அதாவது ஊருக்கு அறிவித்து, கம்பம் நட்டார்கள். அன்றிலிருந்து பதினைந்து நாள் எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி காயக் கூடாது, கவிச்சி ஆகாது. அம்மன் ஊருக்குள் வந்து இருக்கும்போது அவளுக்குச் சூடு காட்டக் கூடாது என்பார்கள். ஐந்தாம் நாளிலேயே பருப்பும் சோறும் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. அந்த நாட்களில் நானும் அக்காவும் போனில் ஒரு கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா கதையைப் பார்ப்பாள், நான் அடுப்பைப் பார்ப்பேன். பதினோரு பகுதி பார்த்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. அந்த ஊரில் யாருமே கடுகு தாளிப்பதில்லை.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். “ஏம்மா, சாட்டுல கொழம்பு கொதிக்க வெக்கலாமா?”

“கொதிக்க வெக்காம பச்சத் தண்ணியாவா குடிக்கறது? போ அக்கட்டால.”

“அப்ப அரிசி மாவ உருட்டி, மொளகா கொழம்புல போட்டுக் கொதிக்க வெச்சா தப்பில்லையே?”

“தப்பில்ல. ஆரு திங்கறது?”

“நாங்க திங்கறோம்,” என்றாள் அக்கா பின்னாலிருந்து. அவள் அன்று எனக்காகப் பேசினாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் செய்ய நினைத்தது டோக்போக்கி. விரல் நீளத்துக்கு அரிசி மாவில் உருட்டிய கட்டிகளை இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்பில் வேகவைப்பது. முதல் தடவை இடியாப்ப மாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் எல்லாம் கரைந்து கூழாகிவிட்டது. அப்பா கரண்டியில் எடுத்துப் பார்த்துவிட்டு, “பாப்பா, இத எங்க பேக்டரிக்குக் குடுத்தா பசைக்கு வெச்சுக்குவாங்க,” என்றார். ஆனால் மறுநாள் மாலை, யாரும் கேட்காமலேயே, ஒரு பொட்டலம் குச்சிக்கிழங்கு மாவு கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். மூன்று பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு அந்த மாவு சேர்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தேன். தண்ணீரில் போட்டால் முதலில் அடியில் கிடக்கும். வெந்ததும் ஒவ்வொன்றாக மேலே வரும். அப்படி வந்ததை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். கடித்தால் பல்லோடு மல்லுக்கட்டும். அந்தக் கட்டிகளை அளவாக உருட்டியது அக்கா. எனக்கு விரல் குட்டை. என்னுடையது எல்லாம் கொழுக்கட்டையாகத்தான் வரும்.

கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுதைத் தேடி நாமக்கல் கடைகளில் அலைந்தேன், கிடைக்கவில்லை. கஞ்சியில் மிளகாய்த்தூளும் நாட்டுச் சர்க்கரையும் சோயா சாஸும் உப்பும் கலந்து ஜாடியில் பத்து நாள் புளிக்கவைத்தேன். மூன்றாவது ஜாடிதான் சரியாக வந்தது. முதல் இரண்டில் பூஞ்சை பிடித்தது. கிம்ச்சி என்ற புளித்த கோஸ் ஊறுகாய்க்கு அங்கே நீளமான கோஸ் போடுகிறார்கள். நான் நம் உருண்டைக் கோஸை இலை இலையாகப் பிரித்து, உப்பில் மூன்று மணி நேரம் வாட்டி, அலசி, அரிசி மாவுக் கஞ்சியில் பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், முள்ளங்கிச் சீவல் எல்லாம் சேர்த்துப் பிசைந்தேன். மீன் சாஸ் இல்லாமலேயே வந்தது. இந்த வெயிலுக்கு ஒரே நாளில் அது பொங்க ஆரம்பித்துவிடும். மூடியை இறுக்கக் கூடாது. தினம் ஒருமுறை திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு ஜாடி பொங்கி அம்மாவின் அரிசி டப்பா மேல் வழிந்தபோது கற்றுக்கொண்டேன். அம்மா அன்று அரை மணி நேரம் என்னைத் திட்டிவிட்டு, வழிந்ததில் ஒரு இலையை எடுத்து வாயில் போட்டு, “பழைய சோத்துக்கு நல்லா இருக்கும்டி,” என்றாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

திருவிழா முடிந்ததும் முட்டை வந்தது. ஆறரை நிமிடம் வேகவைத்து, மஞ்சள் கரு தேன்பதத்தில் இருக்கும்போது உரித்து, சோயா சாஸ், பச்சைமிளகாய், பூண்டு, எள்ளில் ஒரு நாள் ஊறவைப்பது. கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் செய்தபோது, நம் நல்லெண்ணெயில் அவர்கள் எண்ணெயின் வாசம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தேன். அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள். அதனால் எள்ளை வறுத்து நுணுக்கிச் சோற்றில் கலந்தேன். குளிருக்கு அவர்கள் குடிக்கும் எலுமிச்சை மாதிரியான ஒரு பழத்தேநீருக்கு நம் நார்த்தங்காயை மெல்லிசாகச் சீவித் தேனில் ஊறப்போட்டேன். அது கொஞ்சம் கசக்கும். அப்பாவுக்கு மட்டும் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரு நூறு பக்க நோட்டில் எழுதினேன். இடது பக்கம் அங்கே போடுவது, வலது பக்கம் இங்கே கிடைப்பது, கீழே கெட்டுப்போனதும் அதற்குக் காரணமும். முதல் பக்கத்தில் என் பெயர். நான் முழுசாகக் கண்டுபிடித்து முடித்த முதல் விஷயம் அந்த நோட்டுதான், மகனே. பரீட்சை மதிப்பெண் எல்லாருக்கும் வரும். இது எனக்கு மட்டும் வந்தது.

இனி அக்காவைப் பற்றி. அவள் கெட்டவள் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் உனக்கு எதுவும் புரியாது. கல்லூரியில் இரண்டு பாடம் நின்றுவிட்டதால் இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறையும் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர்கள் தரகரிடம், “பொண்ணு வாயும் பேசல, கையும் பேசலைங்க,” என்று சொல்லி அனுப்பினார்கள். தரகர் அதை அப்படியே எங்கள் வாசலில் நின்று ஒப்பித்தார். அன்று அக்கா சாப்பிடவில்லை. நான் அவளுக்கு வாழைப்பழப் பால் செய்து கொடுத்தேன். குடித்துவிட்டு, “உனக்கு என்னடி, உனக்கு எல்லாம் தெரியுது,” என்றாள். அதைப் பாராட்டு என்று நினைத்து மகிழ்ந்தேன். அது பாராட்டு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

இந்தத் தை மாதம் நான்காவது இடம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சேலம் சூரமங்கலம். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக்காரர்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். இதைக் கேட்டதும் அம்மா என்னைத் தேடிக்கொண்டு மொட்டை மாடிக்கே வந்தாள். “சாமி, உன்ற கொரியாப் பலகாரம் ரெண்டு பண்ணு. மாப்ள அங்க அதயேதான் திங்கறாராமா. உன்ற கைப்பக்குவத்த அவங்களும் பாக்கட்டும்.” உன்ற கைப்பக்குவம் என்றுதான் அம்மா சொன்னாள். நான் காலை நான்கு மணிக்கு எழுந்தேன். டோக்போக்கி, ஊறவைத்த முட்டை, இரண்டு நாள் புளித்த கிம்ச்சி, நார்த்தங்காய்த் தேநீர். அக்காவைக் குளிக்கச் சொல்லிவிட்டு, கட்டிகளைக்கூட அன்று நானே உருட்டினேன்.

தட்டு வைத்ததும் மாப்பிள்ளையின் அம்மா, “இதென்னங்க, செவசெவன்னு?” என்று பின்வாங்கினார்.

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அம்மா, இது டோக்போக்கி! எங்க கேன்டீன்ல வெள்ளிக்கெழமையானா போடுவாங்க. இது அதவிட நல்லா இருக்குது.” இரண்டாவது வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டார். “ஆருங்க பண்ணுனது?”

நான் கதவோரம் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன். பதில் சொல்ல மூச்சைக்கூட இழுத்துவிட்டேன்.

“சுகன்யாதானுங்க,” என்றாள் அம்மா. “விடிகாத்தால எந்திரிச்சவ, அடுப்படிய உட்டு நகரவே இல்லீங்க.”

அப்பாவைப் பார்த்தேன். அப்பா காற்றாடியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பொய் எடைக்கு இடம் கொடுக்காத மனிதர் அவர். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதை வெட்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “கை பேசுது கண்ணு, வாய் பேசலைன்னா என்ன,” என்றார். ஒரு மணி நேரத்தில் பூ வைத்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் அழுதேன். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “உனக்கென்ன சாமி கொறஞ்சு போச்சு? அக்கா வாழ்க்க. கல்யாணம் முடியட்டும், அப்பறம் சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம். மாப்ளையே சிரிப்பாரு.” நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. மாப்பிள்ளை போன் செய்து, “முட்டை எத்தனை நிமிஷம் வேகணும்?” என்று கேட்பார். அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் ஆறு விரலைக் காட்டி, ஏழாவது விரலைப் பாதி மடக்குவேன். “ஆறரை நிமிசம்,” என்பாள். அடுப்படியில் விழுந்து விழுந்து சிரிப்போம். என் அறிவு அவள் வாய் வழியாக வெளியே போவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் தவறு அங்கேதான் தொடங்கியது, மகனே. திருட்டுக்குத் துணை போகும்போது அது விளையாட்டு மாதிரித்தான் இருக்கிறது. பறிபோகிறது என்று தெரியும்போது நாமே பாதியைத் தூக்கிக் கொடுத்திருப்போம். மாசியில் அக்கா, “நோட்டக் குடுடி, படிச்சு வெச்சுக்கறேன், அங்க போய் முழிக்கக் கூடாதில்ல,” என்று கேட்டாள். கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

சித்திரையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஓர் ஆசை வந்தது. சீரோடு சீராக, மருமகள் கையால் செய்த கிம்ச்சி ஒரு ஜாடி வைக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் ருசி பார்க்க வேண்டுமாம். மறுபடியும் நான்தான் செய்தேன். ஆறு கோஸ். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் பிசைந்து, தினம் மூடியைத் திறந்து விட்டு, குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். நேற்று மதியம் ஜாடியை மண்டபத்துக்குக் கொண்டுவந்ததும் சீர்த்தட்டு அலங்காரம் செய்கிற பெண் வந்தார். ஜாடியின் மூடியை முடிந்த மட்டும் திருகினார். “சிந்தாம இருக்கணுமில்லீங்க,” என்று கழுத்தைச் சுற்றி நாலு சுற்று டேப் ஒட்டினார். அதன் மேல் கண்ணாடித்தாள், அதன் மேல் சிவப்பு ரிப்பன், ரிப்பனில் பொன்னிற எழுத்தில் ‘மணமகள் கைப்பட’. சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா, “பாப்பா, அக்கா பொட்டில சீப்பு இருக்கும், எடுத்துட்டு வா,” என்றாள்.

பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவில் என் நோட்டு இருந்தது. பழுப்பு அட்டை போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் போடுவது போல மூலை மடித்து, ஒட்டுச் சீட்டு ஒட்டி, அதில் அவளுடைய அழகான கையெழுத்தில் ‘சுகன்யா’. உள்ளே திறந்தேன். முதல் பக்கம் இல்லை. கிழித்த தடம்கூடத் தெரியவில்லை, பிளேடு வைத்து அறுத்திருந்தாள். அவ்வளவு பொறுமையாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். சீப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஜாடியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. உண்மையாக எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதனால் எழுதுகிறேன். மறந்து போகவில்லை. தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன். வைகாசி வெயிலில், மூச்சு விட வழியில்லாத ஜாடியில், ஓர் இரவும் ஒரு பகலும் கிம்ச்சி என்ன செய்யும் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது என்னுடையது என்றால்தானே நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மாலையில் சீர் ஊர்வலம் போனபோது அந்தத் தட்டை யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. “தங்கச்சி தூக்கட்டும், பொருத்தமா இருக்கும்,” என்றார்கள். மேளத்துக்குப் பின்னால், பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, ‘மணமகள் கைப்பட’ என்று எழுதிய என் ஜாடியை நானே சுமந்துகொண்டு போனேன். கைக்குள் அது சின்னதாக ‘உஸ்’ என்று சத்தம் போட்டது மாதிரி இருந்தது.

இன்று தாலி கட்டி முடிந்து பந்தி நடந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஜாடியைப் பந்திக்கே எடுத்து வந்துவிட்டார். “எல்லாரும் எலையில எடம் உடுங்க. எங்க மருமக கைப்பட பண்ணுனது,” என்று ரிப்பனை வெட்டி, டேப்பைப் பிய்த்து, ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு மூடியைத் திருகினார். சோடா உடைத்த மாதிரி ‘டொப்’ என்றது. சிவப்புத் தண்ணீர் பீறிட்டு அவருடைய மாம்பழ நிறப் பட்டுச்சேலை, பக்கத்தில் இருந்த பெரியவரின் வெள்ளைச் சட்டை, மூன்று இலைப் பாயசம் எல்லாவற்றிலும் அடித்தது. பூண்டு வாடை பந்தி முழுக்கப் பரவியது. பிறகு மாப்பிள்ளையின் சித்தி, “அக்கா, உன்ற மருமகளுக்குக் கைப்பக்குவம் பொங்கி வழியுதுங்கறது நெசந்தானாட்ட இருக்குது,” என்றார். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. சேலையை உதறிக்கொண்டே, “கெட்டுப்போனதயா கண்ணு சீருல வெச்ச?” என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. நோட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது; அவள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டாள். மாலையோடு நின்றபடி என்னைத் தேடினாள். போனை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கப் போவதாகத்தான் முந்தின நாள் முடிவு செய்திருந்தேன். ஆனால் அவள் உதடு நடுங்கியதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. நல்ல பொருளைக் கெட்டுப்போனது என்று சொல்கிறார்களே என்ற கோபமும் இருந்தது. எது அதிகம் என்று எனக்கே தெரியவில்லை.

“கெடலீங்க அத்தை,” என்றேன். “அது புளிக்கறப்ப காத்து விடுமுங்க. மூடிய டேப் போட்டு இறுக்குனதால வெளிய வர வழியில்லாம நின்னுருச்சு. தெனமும் ஒருக்காத் தெறந்து உடணும். இப்ப எடுத்துத் தின்னு பாருங்க, நல்லாத்தான் இருக்கும்.”

மாப்பிள்ளை ஜாடிக்குள் கையை விட்டு ஓர் இலையை எடுத்துத் தின்றார். “ஆமாம்மா, அருமையா இருக்குது,” என்றவர் என் பக்கம் திரும்பினார். முதல் முறையாக என்னைச் சரியாகப் பார்த்தார். “உனக்கு எப்படிப் பாப்பா இவ்வளவு தெரியுது?”

கல்யாணம் முடிந்துவிட்டது. முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்றாளே அம்மா, அந்த நேரம் வந்துவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாயச வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

“நாந்தானுங்க அவளுக்கு எல்லாத்தையும் கத்துக் குடுத்தேன்,” என்றாள் அக்கா. கொஞ்சமும் தடுமாறவில்லை. என் கன்னத்தைக்கூடச் செல்லமாகக் கிள்ளினாள். “மூடிய இறுக்கிறாதடின்னு சொல்லிட்டுத்தான் போனேன், உட்டுட்டா.”

“பரவால்ல, அக்காகிட்ட நல்லாக் கத்துக்கிட்ட,” என்றார் மாப்பிள்ளை. அவர் நல்லவர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் இரண்டு முறையும் கேட்கத்தான் செய்தார். நீயும் கேள். ஆனால் கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவரை மட்டும் பார்க்காதே. கதவோரம் தட்டோடு நிற்கிறவர் முகத்தையும் ஒருமுறை பார். உனக்கு என்னால் சொல்ல முடிகிற புத்திமதி இது ஒன்றுதான்.

தை மாதத்துப் பொய் அம்மாவுடையது. அது பயத்தில் வந்தது, எனக்குப் புரிகிறது. அக்கா அன்று பேசாமல் இருந்தாள். அதுவும் புரிகிறது. இன்றைய பொய்யைத்தான் என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை. தாலி ஏறிவிட்டது. யாரும் அவளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பப் போவதில்லை. நான் அவளைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். நான் நீட்டிய கையிலேயே அவள் குற்றத்தையும் வைத்துவிட்டாள். ஜாடி பொங்கியதற்கு நான்தான் காரணம் என்று அவள் சொன்னது உண்மைதான், ஆனால் அவளுக்கு அது உண்மை என்று தெரியாது. தெரியாமலே உண்மையைச் சொல்லி, தெரிந்தே பொய் சொன்னாள். காரில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். “போய்ட்டு வாரேன்டி,” என்றாள். அந்த அழுகை நிஜம். அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. பொய்யாக அழுதிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் தோளில் அவள் மாலையிலிருந்த ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டது, அதைத் தட்டிவிட்டேன்.

மகனே, என் அம்மாவை நீ அம்மிச்சி என்று கூப்பிடுவாய். உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருப்பாள். பெரியம்மா உனக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தந்திருப்பாள். இதைப் படித்துவிட்டு அவர்களிடம் முகத்தைத் திருப்பாதே. இது உன் சண்டை இல்லை. நீ கண்காணிக்க வேண்டியது என்னை. நானும் ஒரு நாள் பெரியவளாகி, குடும்ப நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு, நீ செய்ததை வேறு யார் பேரிலாவது எழுதி வைக்கலாம். உனக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்து, அவன் பலவீனமானவனாக இருந்தால், நீ வலுவானவன் என்பதாலேயே உன்னிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுக்கலாம் என்று எனக்கும் தோன்றலாம். அன்று இந்தத் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் போடு. எனக்குக் கோபம் வந்தாலும் போடு.

இதுவரை எழுதியபோது அம்மா வந்துவிட்டாள். அதையும் வேனில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

“ஏஞ்சாமி, இங்கயா உக்காந்திருக்க? வேன் வந்துருச்சு. மண்டபத்துக்காரர் பூட்டணுங்கறாரு.” கட்டிலில் கிடந்த பூவை ஒரு பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். “வெள்ளிக்கெழம மறுவீட்டுக்கு வாராங்க. அவங்க திரும்பிப் போறப்ப அந்தக் கிம்ச்சிய இன்னொரு டப்பா பண்ணிக் குடுத்தரலாம். சம்பந்தியம்மா மனசும் ஆறும்.”

“அக்காதான் வாராளே. அவளே பண்ணட்டும்.”

“அவளுக்கு எங்க சாமி தெரியும்?” என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பூ அள்ளிய கை நின்றது. ஐந்து மாதத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அறையில் நானும் அவளும் ஒரு நிலைக்கண்ணாடியும் மட்டும்தான் இருந்தோம்.

“இதயே வெள்ளிக்கெழம அவங்க முன்னாடி சொல்லும்மா,” என்றேன். “பத்து டப்பா பண்ணித் தாரேன்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பையின் வாயை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடியும் முடிச்சுப் போட்டாள். கீழேயிருந்து மண்டபத்துக்காரரின் குரல் கேட்டது. “ஏனுங்க, மேல ஆராச்சும் இருக்கறீங்களா? மெயின் சுவிட்ச ஆப் பண்றேனுங்க!”

அம்மா வாசற்படிக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

“ஆருமில்லீங்க,” என்றாள். “அணைச்சுக்குங்க.”

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.